விரிப்பு போடும் முன்னே

யோகா வகுப்பில் சேரப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன மேட் வாங்கணும் டீச்சர்?" என்பதுதான். "இப்போதைக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தா அதை எடுத்துட்டு வாங்க" என்பேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா ஆரோக்கியத்துக்காகத்தான் வருகிறேன் என்று பலரும் சொல்வார்கள். நேரில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் தைராய்டு மாத்திரை, எப்போதோ வண்டியிலிருந்து விழுந்த முழங்கால், பிரசவத்தோடு வந்து போகாமலே இருக்கும் இடுப்பு வலி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பாளையங்கோட்டையில் பல வருடங்களாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, மாலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு. ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பேங்க் ஊழியர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பீடி சுற்றும் பெண்கள், வெளியூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் வருகிறார்கள். இத்தனை விதமான உடம்புகளோடு பழகியபின் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. முதல் வகுப்பில் பாடம் படிக்க வேண்டியவர் ஆசிரியர்தான். வந்திருப்பவரின் உடம்பே அவருக்குப் பாடம். அதைப் படிப்பதற்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் மாணவரின் தயாரிப்பு.

இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. நான் படித்த மரபு எனக்குக் கொடுத்தது. இன்று உலகெங்கும் நடக்கும் யோகா வகுப்புகளில் பெரும்பகுதி, திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரு மனிதரிடமிருந்து கிளைத்தவை. 1888இல் பிறந்து 1989 வரை, நூறு வயது வாழ்ந்தவர். 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியபோது அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் துடிப்பான பையன்கள். அவர்களுக்கு அவர் கொடுத்தது வேகமான, கடுமையான பயிற்சி. அங்கே படித்த பட்டாபி ஜோயிஸ்தான் பிற்காலத்தில் அந்தப் பாணியை உலகத்துக்குக் கொண்டுபோனார். 1950களில் சென்னைக்கு வந்த பிறகு கிருஷ்ணமாச்சாரியாரைத் தேடி வந்தவர்கள் வேறு மாதிரி: நோயாளிகள், குடும்பப் பெண்கள், வயதானவர்கள். ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, நாடி பார்த்து, சாப்பாடும் தூக்கமும் விசாரித்து, அவரவருக்கு என்று பயிற்சியை வகுத்தார். பையன்களைத் துள்ளவைத்த அதே ஆசனங்களை மூச்சிரைப்புக்காரருக்கு நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுக்கலாம் என்ற வழி இப்படித்தான் வளர்ந்தது. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த வழியை நிலைநிறுத்தியது. என் வேலை முழுக்க அந்த வழியில் நடப்பதுதான்.

ஆகவே முதலில் பேச்சு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது, நிமிர்ந்த நடை. எல்லாக் கேள்விக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றே பதில். கடைசியில், கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது விடுகிறீர்களா என்று கேட்டேன்.

"ராத்திரி ரெண்டு சொட்டு விடுவேன். கண்ணுல பிரஷர்னு சொல்லியிருக்காரு டாக்டர். கண்ணுக்கும் யோகாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சம்பந்தம் நிறைய. இடுப்புக்குக் கீழே தலை தொங்கும் எந்த ஆசனத்திலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இது மருத்துவர்கள் அளந்து பார்த்துச் சொன்னது. ஆரோக்கியமான கண் அதைத் தாங்கிக்கொள்ளும். க்ளாக்கோமா உள்ள கண்ணின் நரம்புக்கு அது நல்லதில்லை. அவருக்குச் சிரசாசனம், சர்வாங்காசனம் மட்டுமல்ல, பாதஹஸ்தாசனமும் அதோமுக சுவானாசனமும்கூட வேண்டாம் என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டேன். மற்றதெல்லாம் தாராளமாகச் செய்கிறார். அந்தச் சொட்டு மருந்து பேச்சில் வராமல் போயிருந்தால், எனக்குத் தெரிய வேறு வழியே இல்லை. வெளியே நின்று பார்க்கிறவருக்குக் கண்ணின் அழுத்தம் தெரியாது.

அதேபோல் சொல்லியே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. ரத்தக்கொதிப்பும் அதற்குச் சாப்பிடும் மாத்திரையும். சில மாத்திரைகளால், படுத்திருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றும். குடலிறக்கம். டிஸ்க் விலகல், காலில் இறங்கும் வலி, மரத்துப்போதல். கழுத்துத் தேய்மானம். கடந்த ஒரு வருடத்தில் நடந்த ஆபரேஷன் எதுவானாலும், சிசேரியன் உட்பட. கர்ப்பம், அது இன்னும் உறுதியாகாத சந்தேகமாக இருந்தாலும். மாதவிலக்கு நாள் என்றால் அதையும் சொல்லலாம். ஆசிரியருக்கு ஆசிரியர் வழக்கம் மாறும், நான் அன்று தலைகீழ் ஆசனங்களையும் வயிற்றை இறுக்கும் பயிற்சிகளையும் விட்டுவிடச் சொல்வேன். ஆண் ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்னிடமே அப்படி எழுதித் தருகிறவர்கள் உண்டு. அந்தத் தாளைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக வகுப்பெடுக்க வரும்.

அடுத்தது வயிறு. திருக்குறளில் மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பகுதி, செரித்த பிறகு சாப்பிடு, அளவோடு சாப்பிடு என்பதைப் பற்றித்தான். ஹடயோகப் பிரதீபிகையும் வயிற்றில் கால்பாகத்தைக் காலியாக விடச் சொல்கிறது. வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது, மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும். முன்னால் குனிந்தால் புளித்த ஏப்பம், மல்லாந்து படுத்தால் நெஞ்செரிச்சல். முழுச் சாப்பாடு என்றால் நான்கு மணி நேரம், இரண்டு இட்லி மாதிரி டிபன் என்றால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாலை வகுப்புக்கு வருகிறவர்களை இதில் மாட்டவைப்பது நாலு மணி வடையும் பஜ்ஜியும். மதியச் சாப்பாட்டை ஒன்றரை மணிக்குள் முடித்துவிட்டு, பசித்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு வந்தால் போதும். காலை வகுப்புக்கு, முந்தின ராத்திரிச் சாப்பாடுதான் கணக்கு. பத்தரை மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவரின் முதுகு காலை ஆறு மணிக்கு வளையாது. எழுந்ததும் ஒரு தம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, கழிவறை போய்விட்டு வாருங்கள். காப்பி குடித்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் அரை தம்ளர் குடித்தால் நான் தடுப்பதில்லை.

ஆனால் சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், "வெறும் வயித்தோட வரணுமாம்" என்று பட்டினியாக வரவே கூடாது. வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது ஆசனத்தின் களைப்பு என்று நினைத்துவிடக் கூடும். எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று டாக்டரிடம் கேட்டு அதற்கேற்ற வகுப்பில் சேருங்கள். சட்டைப்பையில் இரண்டு சாக்லேட் இருக்கட்டும். பக்கத்தில் உட்காருகிறவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

காலை வகுப்புக்காரர்களிடம் நான் விடாமல் வற்புறுத்தும் ஒன்று உண்டு: வகுப்புக்கு முக்கால் மணி நேரம் முன்னாலாவது எழுந்துவிட வேண்டும். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்து நடமாட நடமாடத்தான் அந்த நீர் வற்றும். படுக்கையிலிருந்து நேராக வந்து குனிந்தால் முதுகு கெட்டியாக இருப்பதும், சிலருக்குப் பிடித்துக்கொள்வதும் அதனால்தான். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வருகிற பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

உடையில் நான் பார்ப்பது இரண்டே விஷயம். வயிற்றை இறுக்கக் கூடாது, குனிந்தால் மானம் போகுமோ என்ற கவலை வரக் கூடாது. பருத்திச் சுடிதார், துப்பட்டாவை ஆணியில் மாட்டிவிட்டு. ஆண்களுக்குத் தொளதொள பேன்ட், பனியன், மேலே ஒரு சட்டை. ஜீன்ஸும் பெல்ட்டும் வேண்டாம். புடவையில்தான் வர முடியும் என்கிற பெரியம்மாக்களுக்கு உட்கார்ந்தும் நின்றும் செய்கிற பயிற்சிகளே ஏராளம் இருக்கின்றன; புடவையைக் காரணமாகச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். யாரும் யோசிக்காத ஒன்று தலைமுடி. பின்னந்தலையில் கொண்டையோ கிளிப்போ இருந்தால் மல்லாந்து படுக்கும்போது கழுத்து கோணும். சடையைப் பக்கவாட்டில் எடுத்துவிட்டுக் கொள்ளுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை. ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டால் முகத்தில் வந்து விழாது. கண்ணாடி வளையல் மட்டும் உடைந்தால் கையைக் கிழிக்கும்.

இப்போது அந்த மேட். கடைகளில் கிடைப்பது ஏறக்குறைய ஆறடி நீளம், இரண்டடி அகலம், 4 அல்லது 6 மில்லிமீட்டர் கனம். நல்ல பொருள்தான், ஆனால் முதல் மாதத்துக்கு அவசியமில்லை. படுக்கவும் உட்காரவும் வீட்டு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் போதும். நிற்கும் ஆசனங்களை அதன் மேல் செய்யக் கூடாது, டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கும். வெறுந்தரையில், வெறுங்காலோடு நில்லுங்கள். எங்கள் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. உலகத்துக்கு யோகத்தைக் கொண்டு சேர்த்தவர்களில் ஒருவரான சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது பத்தமடையில். மலாயாவில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு ரிஷிகேசம் போனவர். தாமிரபரணிக் கரையின் கோரையில் நெய்கிற பாய்க்குப் பேர்போன அதே பத்தமடைதான். கல்யாணச் சீராக வந்த பத்தமடைப் பாயை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் மேட் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. படுத்துச் செய்யும் பயிற்சிக்கும் தியானத்துக்கும் அதைவிடச் சுகமான விரிப்பு எங்கள் வெயிலுக்குக் கிடையாது.

என் வகுப்புக்கு வரும் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை சம்மணமிட்டு உட்காருகிறவர்கள். ஆலங்குளம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கல்யாணமாகி வந்த ஒருவர் முதல் நாள் சுகாசனத்தில் உட்கார்ந்த அழகைப் பார்த்து மொத்த வகுப்பும் அசந்துவிட்டது. மணிக்கணக்கில் அசையாமல் உட்காரக் கூடியவர். ஆனால் மல்லாந்து படுக்கச் சொன்னால், நெற்றியைவிட மோவாய் உயர்ந்து நின்றது. குனிந்து குனிந்து மேல்முதுகு கூனிவிட்டால் தலை தரையைத் தொடுவதற்குக் கழுத்து இப்படிப் பின்னால் மடங்கும். மடித்த துண்டு ஒன்றைத் தலைக்குக் கீழே வைத்தேன்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"கழுத்து வலிக்கி டீச்சர். வீட்ல ராத்திரி படுத்தாலும் இப்படித்தான் வலிக்கி. ரெண்டு தலாணி வச்சாத்தான் உறக்கம் வரும்."

இன்னொரு துண்டு வைத்த பிறகு முகம் தளர்ந்தது. அன்றைக்கு அவருக்கு நான் கொடுத்தது படுத்தபடி கைகளை மெல்லத் தலைக்கு மேல் கொண்டுபோய் இறக்குவது மட்டும்தான். கை தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றது. புகையிலைத் தூளைச் சுவாசித்துச் சுவாசித்து மூச்சும் குட்டையாக இருந்தது. மாதங்கள் போகப் போக ஒரு துண்டு போதுமென்றானது. அதே வகுப்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் இருபத்தைந்து வயதுப் பையன் தரையில் ஐந்து நிமிடம் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தான். அவனுக்கு நாற்காலி. இருவருக்கும் ஒரே ஆசனப் பட்டியலைக் கொடுத்தால் இருவருக்கும் கெடுதல்தான்.

"என் உடம்பு வளையாது, எனக்கு யோகா வராது" என்று ஒதுங்குகிறவர்களுக்கு நான் பி.கே.எஸ். ஐயங்காரைச் சொல்வேன். 1918இல், விஷக்காய்ச்சல் உலகத்தையே உலுக்கிய வருடத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே காசநோய், டைபாய்டு, மலேரியா என்று அடிபட்ட உடம்பு. மைத்துனர் முறையான கிருஷ்ணமாச்சாரியாரிடம் போனபோது நோஞ்சான் பையன். 95 வயது வரை வாழ்ந்தார். வளையாத உடம்புக்காக நாற்காலி, கயிறு, மரக்கட்டை, கம்பளி என்று துணைப் பொருள்களை வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். முதல் நாள் கால்விரலைத் தொட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வந்து சும்மா உட்காருங்கள். வண்டி ஓட்டி, படியேறி வந்த மூச்சு அடங்க அவ்வளவு நேரம் வேண்டும். செல்போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். சளி பிடித்திருந்தால் மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், பயிற்சி முழுக்க மூக்கு வழியாகத்தான் மூச்சு. நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது குறைவு. நின்றபடி கைகளைத் தூக்கி இறக்குதல், மண்டியிட்டுச் சக்ரவாகாசனம், படுத்து முழங்காலை வயிற்றோடு அணைக்கும் அபானாசனம், இடுப்பைத் தூக்கும் துவிபாத பீடம், கடைசியில் சவாசனம். இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் பாடம் மூச்சு. கை அசைவதற்கு ஒரு கணம் முன்னால் மூச்சு தொடங்க வேண்டும், கை நின்ற பிறகும் ஒரு கணம் நீள வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால், புதிதாக வந்தவர்கள் எல்லாரும் எங்கேயோ ஓரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரமப்படும் உடம்பு முதலில் செய்வது அதைத்தான். மூச்சு எங்கே நின்றுபோகிறதோ அதுவே அன்றைக்கு அவருடைய எல்லை. அதைத் தாண்டி ஓர் அங்குலமும் நான் இழுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எட்டிப் பிடிக்க முயல்கிறவர்களிடம் போய், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன்.

தசை இழுபடுவது வேறு, வலி வேறு. தொடையின் பின்புறம் பரவலாக இழுத்தால் பயமில்லை. மூட்டுக்குள் குத்தினாலோ, மின்சாரம் பாய்ந்த மாதிரி காலில் இறங்கினாலோ அந்த நொடியே விட்டுவிட்டுச் சொல்லுங்கள். சவாசனத்தில் தூங்கிவிட்டால் வெட்கப்பட வேண்டாம், பலருக்கு அந்தத் தூக்கம் ரொம்ப நாளாகப் பாக்கி இருப்பது. எழும்போது மட்டும் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி மெதுவாக எழுங்கள்.

இரண்டாம் நாளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். முன்பு அசைக்காத தசைகள் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கும். தானாகவே தணியும். வகுப்பை விட்டு நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நாளில்தான் நிற்கிறார்கள், ஏதோ தப்பாகிவிட்டது என்ற பயத்தில். அன்று வகுப்புக்கு வாருங்கள், பாதி செய்யுங்கள், மீதி நேரம் படுத்திருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, ராத்திரி எழுப்பினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் 21 முடிந்ததும் எனக்கு நிறைய போன் வரும். 2015இலிருந்து அந்த நாளை உலக யோகா தினமாகக் கொண்டாடுவதால், மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மாதிரி வளைந்து நிற்கும் படங்களைப் பார்த்து ஆசையோடு வருகிறார்கள். அந்த ஆசை நல்லது. உங்கள் ஊரில் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் சேருங்கள், இலவசமோ கட்டணமோ, மனவளக்கலை மன்றமோ, பார்க்கில் நடப்பதோ. ஒன்று மட்டும் கவனியுங்கள். முதல் நாள் அந்த ஆசிரியர் உங்கள் வயதையும் நோயையும் மருந்தையும் விசாரிக்க வேண்டும். எதுவும் கேட்காமல் வரிசையில் நிறுத்திச் சூரிய நமஸ்காரத்தில் தொடங்கினால், நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொல்லியும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், வேறு வகுப்பு தேடிக்கொள்ளலாம்.